விறகறைச் சாவி

சென்னம்மாள் விறகறையைப் பூட்டி, சாவியை மஞ்சள் கயிற்றில் கோத்துத் தாலி மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்ட அன்றே எனக்கு அவள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே இருந்தது பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. ஈர மண்ணில் தூவிய கொஞ்சம் ராகியும் கம்பும்தான். அதற்கு எதற்குப் பூட்டு?

சந்தேகம் என் கூடப் பிறந்தது. பால்காரர் செம்பைக் கீழே வைத்தால் உள்ளே எட்டிப் பார்ப்பேன். பாவசங்கீர்த்தனத்தில் பாவங்களைச் சொல்லப் போனால், திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் தூங்குகிறாரோ என்று நடுவில் ஒரு தரம் இருமிப் பார்ப்பேன். "உன் புத்திக்கு நீ போலீசுலதான் சேரணும் மேரிராணி" என்று அம்மா திட்டுவாள். என் அப்பா ஆரோக்கியநாதன், கிருஷ்ணகிரியில் எங்கள் கோவில் உபதேசியார். ஜெபம் சொல்லிக் கொடுப்பது, மணி அடிப்பது, பூசைக்கு எடுத்து வைப்பது எல்லாம் அவர்தான். அப்படிப்பட்ட மனிதருக்கு இப்படி ஒரு மகளா என்று ஊரில் கேட்பார்கள். அவரைப் பற்றி அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது.

அது அறுபத்தாறாம் வருஷத்து டிசம்பர். மழை ஏமாற்றியிருந்தது. ரேஷனில் வாடை அடிக்கும் அரிசி, பள்ளிக்கூடத்தில் அமெரிக்கக் கோதுமை உப்புமா. கன்னியர் மடத்துப் பள்ளியில் பத்தாவது படித்த நாங்கள் மூன்று பேர், நான், கிருபாராணி, ஹாஸ்டலில் தங்கியிருந்த சென்னம்மாள், அரைப் பரீட்சை முடிந்த கையோடு கிறிஸ்மஸுக்குக் குடில் தட்டு செய்து விற்கப் புறப்பட்டோம். விற்பதெல்லாம் சென்னம்மாளின் அப்பாவுக்காக.

அவள் அப்பா ஆஞ்சப்பன், பர்கூர்ப் பக்கம் கல் குவாரியில் வேலை செய்தவர். உருண்டு வந்த கல் ஒன்று முழங்காலுக்குக் கீழே அவருடைய ஒரு காலைக் கொண்டுபோய்விட்டது. நான் அவரைப் பார்த்ததில்லை. வேலூரில் அளவெடுத்து மரக்கால் செய்து வைத்திருந்தார்கள், பணம் கட்டி வாங்கி வருவதுதான் பாக்கி. குருபரப்பள்ளி ரோட்டில் புதிதாக வந்திருந்த மாம்பழக்கூழ் கம்பெனியின் மேனேஜர், ரெண்டு காலில் நிற்பதாக இருந்தால் பொங்கலுக்கு மேல் கேட்டுக்கு வாட்ச்மேனாக வரட்டும் என்று சொல்லியிருந்தார். கால் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சென்னம்மாள் படிப்பை விட்டுவிட்டு ஜல்லி உடைக்கப் போக வேண்டியதுதான். லீவு முடிந்து அவள் திரும்பி வருவாளா என்று ஹாஸ்டலில் யாரும் அவளிடம் கேட்பதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

யோசனை கிருபாராணியுடையது. அவள் கம்பவுண்டர் மகள். எதையும் யார் தலையிலும் கட்டிவிடும் வாய் அவளுக்கு. கிறிஸ்மஸ் குடிலில் பாலனைச் சுற்றிப் புல்வெளி வேண்டும் என்று எங்கள் வீடுகளில் ராகியை முன்கூட்டியே முளைக்கப் போடுவது வழக்கம். முளைத்த தட்டோடு குடிலையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்க மாட்டார்களா என்றாள். சின்னத் தட்டுகளுக்குப் பள்ளியில் காலியான பால்பவுடர் டின்களை வெட்டிக்கொண்டோம். சோளத்தட்டையில் கொட்டகை கட்டினோம். டேம் பக்கத்துக் களிமண்ணில் நான் ஆடுகள் பிடித்தேன். அவை பன்றி மாதிரி இருப்பதாகக் கிருபாராணி சொன்னாள். பஞ்சு ஒட்டிய பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

ஹாஸ்டல் சமையல்கார மாரம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "திங்கற ராகிய மண்ணுல கொட்டறீங்களே, உங்களுக்கே நல்லாருக்குதா?"

"எங்க நாயனாவுக்குக் காலு மொளைக்கணும்ல, அதுக்குத்தான் அக்கா" என்றாள் சென்னம்மாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அதையும் நான் மனசில் குறித்து வைத்தேன்.

மேனேஜர் வீட்டம்மா பெங்களூர்க்காரர், எங்கள் கோவிலுக்குத்தான் பூசைக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கிருபாராணி விடவில்லை. அந்த அம்மா இருப்பதிலேயே பெரிய தட்டாக ஒன்று கேட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பாதி கன்னடமும் பாதி தமிழுமாக விசாரித்தார். ஆஞ்சப்பன் குடிப்பாரா, கை நீளமா, சொன்ன சொல் காப்பாரா என்று வரிசையாகக் கேள்விகள்.

"ஆ ஹுடுகியே, அந்தப் பொண்ணே தட்டைக் கொண்டு வரட்டும். ஹப்பத்துக்கு, கிறிஸ்மஸுக்கு முன்னாடி நாள் சாயங்காலம். மகளைப் பார்த்தா அப்பன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோகும். சொன்ன நேரத்துக்கு வரலேன்னா, கேட்டுக்கு வேற ஆளைப் பார்க்கச் சொல்லிடுவேன் அவர்கிட்ட."

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனது. சந்தேகப்படுவதில் நம்ம ஜாதி என்று நினைத்துக்கொண்டேன்.

முளைக்கப் போடும் வேலையைச் சென்னம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். "இது எங்கூட்டு வேல. நீங்க கைய வெக்காதீங்க." ஹாஸ்டல் பின்கட்டு விறகறையை ஒழித்துத் தட்டுகளை உள்ளே அடுக்கினாள். பெரிய தட்டு என்று அவள் எடுத்துக்கொண்டது ஒரு மூங்கில் தட்டு. ஜன்னலுக்குச் சாக்குப் போட்டு மறைத்தாள். பூட்டினாள். அதற்குப் பிறகு யாரையும் உள்ளே விடவில்லை.

அன்றிலிருந்து அவள் செய்தது எதுவும் எனக்கு நேராகப் படவில்லை. விடிந்ததும் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அறைக்குள் போவாள். செருப்பு வாசலில் கிடக்கும். கருவாட்டுக் குழம்பு என்றால் உயிரை விடுகிறவள், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மோர் கேட்டாள். ஒருநாள் கதவில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே மெதுவாகக் கை தட்டும் சத்தமும் பாட்டும் கேட்டன. கிருபாராணிக்கு வேறு சந்தேகம். விதைக்கு எடுத்த ராகியில் பாதி வீட்டுக்குப் போயிருக்கும் என்றாள். எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. திருடுகிறவள் தலைக்குக் குளிக்க மாட்டாள்.

விஷயம் அப்பா காதுக்கும் போய்விட்டது. மாரம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். சாப்பிடும்போது கேட்டார். "பூட்டுன ரூமுக்குள்ள என்ன நடக்குது?"

"ராகி மொளைக்குதுப்பா."

"ராகிக்கு எதுக்குப் பாட்டு? அம்மனுக்கு வெக்கிற மொளைப்பாரின்னு பேச்சு வந்துட்டா, நம்ம சனம் ஒருத்தரும் பாலனுக்குக் கீழ அத வெக்க மாட்டாங்க. பாத்து நடந்துக்க." சாப்பிட்டு முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் செங்கல்லை அடுக்கி ஏறி, ஜன்னல் சாக்கின் கிழிசல் வழியாக உள்ளே பார்த்தேன். கண் இருட்டுக்குப் பழகியதும் தட்டு தட்டாகப் பார்த்தேன். ஒரு தட்டில்கூடப் பச்சை இல்லை. எல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாக, சீக்கு வந்த மாதிரி நீண்டு கிடந்தன. கிறிஸ்மஸுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

கிருபாராணியை இழுத்துக்கொண்டு வந்தேன். சென்னம்மாளிடம் சாவியைக் கேட்டோம். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"எல்லாம் செத்துப்போச்சுடி! அதத்தான் மூடி மூடி வெச்சிருந்தியா?" என்று கத்தினேன்.

"யாரு சொன்னது செத்துப்போச்சுன்னு? அருமையா வந்திருக்குது. வெள்ள வெளேர்னு நீட்டமா வந்தாத்தான் நல்லது. எங்கூர்ல எல்லாரும் அப்பிடித்தான் வளப்பாங்க." அதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. "நீ உள்ள பாத்தியா மேரி?"

"பாத்தேன்."

"குளிச்சியா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முளைக்கப் போடு என்று நாங்கள் சொன்னோம். அவள் மாரியம்மன் திருவிழாவுக்கு வளர்ப்பது போலவே இருட்டில் போட்டு வளர்த்திருக்கிறாள். எங்களுக்குப் புல்வெளி வேண்டும், அவர்களுக்கு வெயில் படாத முளை வேண்டும். இதை முதலிலேயே யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. என் அம்மா ராகித் தட்டை முற்றத்து வெயிலில்தான் வைப்பாள். வெளியே எடுத்தால் பச்சை ஏறிவிடும் என்றேன். சென்னம்மாள் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். பிறகு கயிற்றைக் கழற்றாமலே குனிந்து கதவைத் திறந்தாள்.

"சின்னத் தட்டெல்லாம் எடுத்துக்கங்க. பெருசு கனம். நான் அப்பறமா எடுத்தாறேன்."

சின்னத் தட்டுகளை வெயிலில் பரப்பினோம். மறுநாள் பொழுது சாய்வதற்குள் அத்தனையும் பச்சைப்பசேல் என்று நிமிர்ந்துவிட்டன. கிருபாராணி தலையில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தெருத் தெருவாகப் போய் விற்றாள். வாங்கியவர்களும் லேசில் விடவில்லை. பூட்டின அறைப் பேச்சு அவர்களுக்கும் போயிருந்தது. முகர்ந்து பார்த்தார்கள், மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள், ஒரு கிழவர் தீர்த்தம் தெளித்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார். ஆனாலும் எல்லாம் போய்விட்டது. காலுக்கான பணத்தை ஹாஸ்டல் சிஸ்டர் அன்றே வேலூருக்கு அனுப்பிவிட்டார்.

பெரிய தட்டு மட்டும் வெளியே வரவே இல்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானம். மேனேஜர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். "அது அழுகிப்போச்சு மேரி" என்றாள் சென்னம்மாள், என் முகத்தைப் பார்க்காமல். கழுத்தில் சாவி அப்படியே தொங்கியது. அழுகிப்போன தட்டுக்கு எதற்குப் பூட்டு என்று கேட்டுக்கொண்டே கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அறுந்து கையோடு வந்துவிட்டது. அவள் தடுப்பதற்குள் திறந்துவிட்டேன்.

மூலையில் ஈரச் சாக்கு மூடியிருந்தது. விலக்கினேன். பெரிய தட்டில் முளை ஒரு சாண் உயரத்துக்குப் பால் மாதிரி வெளுத்து நின்றது. அழுகலும் இல்லை, ஒன்றும் இல்லை. நடுவில் கொட்டகை இல்லை, ஆடு இல்லை. களிமண்ணில் பிடித்த ஒரு கால் நின்றது. முழங்காலிலிருந்து பாதம் வரை. விரல்கள்கூடத் தனித்தனியாக இருந்தன. கெண்டைக்காலில் மஞ்சள் பூசியிருந்தது.

எங்கள் கோவிலிலும் கால் வைப்பார்கள். கால் நோவு தீர்ந்தவர்கள் தகரத்திலோ வெள்ளியிலோ சின்னக் கால் வாங்கி வந்து மாதா பீடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அப்பா அவற்றைத் துடைத்து அலமாரியில் அடுக்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் அது என்ன என்று அவள் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டேன்" என்றாள். "செவ்வாக்கெழம ஆத்துல விடணும். அதுவரைக்கும் வெளிச்சம் படக் கூடாது. அதுல இருந்து ஒரு மொளயக்கூட எடுக்கக் கூடாது."

"அடிப் பாவி, அது மேனேஜர் வீட்டுத் தட்டுடி! இன்னிக்கு இது போகலேன்னா உங்க நாயனாவுக்கு வேலையே போயிரும்!"

"இது போனா காலே வராது. காலு வராம வேலைய வெச்சு என்னா பண்றது?"

"காலுக்குப் பணம் கட்டியாச்சு. அது வரும்."

"அந்தக் காலு வரும்" என்றாள். "அது அவருக்கு ஒட்டணும்ல. புண்ணாவாம நிக்கணும்ல. அதுக்குப் பணம் கட்ட முடியுமா?" பிறகு அழ ஆரம்பித்துவிட்டாள். "நீ அன்னிக்கி எட்டிப் பாத்தப்பவே பாதி போச்சு. மீதியாவது இருக்கட்டும், உட்டுரு மேரி."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் மேலா, என் மேலா, அந்தப் பெங்களூர் அம்மா மேலா என்று தெரியவில்லை. இத்தனை பேர் சேர்ந்து இத்தனை நாள் பாடுபட்டது இந்த இருட்டு மூலைக்காகவா என்று தோன்றியது. தட்டைத் தூக்கி வெயிலில் போட்டிருப்பேன். கை போகவில்லை. அந்தக் காலில் சுண்டுவிரல் நகத்தைக்கூட அவள் கீறி வைத்திருந்தாள். சாக்கை மூடினேன், கதவைப் பூட்டினேன், அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

"பஸ் ஸ்டாண்டுல நில்லு. வந்துடறேன்."

கோவில் காலியாக இருந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய குடில் திரை போட்டு மூடியிருந்தது. உள்ளே கோவில் பித்தளைத் தாம்பாளம் நிறைய அவர் கையால் வளர்த்த ராகி. தினமும் தண்ணீர் தெளித்து, வெயிலுக்கு எடுத்து வைத்து, யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தார். சுற்றியிருந்த சொரூபச் சிலைகளை நகர்த்தித் தாம்பாளத்தைத் தூக்கினேன். சிலுவை போட்டுக்கொள்ள ஒரு கை மிச்சமில்லை. முந்தானையால் மூடிக்கொண்டு பக்கவாசல் வழியாக வந்துவிட்டேன். விற்காமல் வைத்திருந்த கொட்டகை ஒன்றையும் என் ஆடுகளையும் பஸ்ஸில் போகும்போதே நட்டுவிட்டோம்.

மேனேஜர் வீட்டம்மா வாசலிலேயே நின்றிருந்தார். தாம்பாளத்தைக் கீழே வைக்கவிடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு முளையைக் கிள்ளி நகத்தில் நசுக்கினார். "யாரு மொளைக்க வெச்சது? என்னமோ மந்திரம் மாயம்னு ஊர்ல பேசிக்கிறாங்களே?"

சென்னம்மாள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்கப்பா கையால வெச்சதும்மா. உபதேசியார்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தாம்பாளம் கோவிலோடது. குடில் பிரிச்சப்புறம் நான் வந்து வாங்கிக்கறேன்" என்றும் சொன்னேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்த அம்மா சென்னம்மாளின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அழுது சிவந்த கண்ணில் என்ன கண்டாரோ, "பொங்கல் கழிஞ்சு அப்பாவை வரச் சொல்லு" என்றார்.

நாங்கள் திரும்பியபோது கோவிலே இரண்டுபட்டுக் கிடந்தது. ஆடு புகுந்து மேய்ந்துவிட்டது என்றார்கள் சிலர். ஆடு தாம்பாளத்தையுமா தின்னும் என்றார்கள் மற்றவர்கள். அந்த ஹாஸ்டல் பெண்ணைத்தான் கேட்கவேண்டும் என்று ஒரு குரல் வந்தது. அப்பா சொரூபங்களை வெறும் மணலில் திரும்ப நிறுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். என் முந்தானையில் ஒட்டியிருந்த ஈர மண்ணைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "மழையில்லாத வருசம். பாலனும் காஞ்ச மண்ணுலயே பொறக்கட்டும்னு நான்தான் எடுத்துட்டேன்" என்றார்.

கிறிஸ்மஸ் காலைப் பூசைப் பிரசங்கத்தில் சாமியார் இதை எடுத்து, உபதேசியாரின் பக்தியே பக்தி என்று நெடுநேரம் புகழ்ந்தார். அப்பா வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு கேட்டுக்கொண்டு நின்றார்.

"எப்படிப்பா தெரிஞ்சுது?" என்று வீட்டில் கேட்டேன்.

"உன் புத்தி பின்ன எங்கேர்ந்து வந்துச்சாம்?" என்றார். "யாருக்குக் குடுத்தேன்னு கேக்கல. தாம்பாளம் கோவிலுக்கு வந்து சேரணும்." அந்த வாரம் முழுக்க என்னோடு வேறு பேச்சு இல்லை.

செவ்வாய்க்கிழமை சென்னம்மாள் கூப்பிட்டாள். நானும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று தட்டை விட்டாள். கொஞ்ச தூரம் மிதந்து போய்ச் சாய்ந்தது. களிமண் கால் கரைவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆற்றங்கரையில் எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியாமல் நான் கையை மட்டும் கூப்பிக்கொண்டேன்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தது. சென்னம்மாள் வந்துவிட்டாள். ஒரு சனிக்கிழமை தாம்பாளத்துக்காகக் கம்பெனிக்குப் போனேன், மேனேஜர் வீடு காம்பவுண்டுக்குள்தான். கேட்டில் கூட்டமாக ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்ததால் நானும் அவர்களோடு நுழைந்துவிட்டேன். மேனேஜர் வீட்டம்மா தாம்பாளத்தைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டொக்கென்று ஒன்று, செருப்புச் சத்தம் ஒன்று, திரும்ப ஒரு டொக்.

"ஏய், நில்லு! யாரு நீ? உள்ளேர்ந்து என்னாத்தத் தூக்கிட்டுப் போற?"

காக்கிச் சட்டை, கையில் தடி. தடியை ஊன்றவில்லை, என் குறுக்கே நீட்டியிருந்தார். சென்னம்மாளின் அதே மூக்கு.

"கோவில் தாம்பாளம்" என்றேன்.

"கோவில் தாம்பாளத்துக்கு மாங்கா கம்பெனில என்னா வேல?"

சரியான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அவர் தாம்பாளத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார், அடியில் வெட்டியிருந்த சிலுவையைத் தடவிப் பார்த்தார், என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். நம்பவில்லை. "உள்ள கேட்டுட்டு வர்ற வரைக்கும் இங்கயே நில்லு. ஓடினா உடமாட்டேன், இப்ப என்னால தொரத்த முடியும்" என்றார்.

மேரிராணி என்று பெயரைச் சொல்லியிருந்தால் போதும். மகள் சொல்லாமலா இருந்திருப்பாள். ஆனால் நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் தாம்பாளத்தோடு உள்ளே போனார். போகும்போதே நான் ஓடிவிடுகிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, ரெண்டு காலிலும் நடந்து போனார். திருடியைப் போல வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் வரட்டும் என்று காத்திருந்தேன்.